படுக்கையறையில் நலிந்த வைஃபை: இரவு ஒன்பது மணிக்கு மட்டும் குரல் அறுபடுவது ஏன்?

வடக்குஜன்னல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ரவுட்டர் கூடத்தில், தொலைக்காட்சி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அங்கிருந்து படுக்கையறைக் கட்டில் வரை நேர்கோட்டில் அளந்தால் ஒன்பது மீட்டர்தான் வருகிறது. ஆனாலும் கட்டிலருகே வைஃபை கோடுகளில் ஒன்றோ இரண்டோதான் தெரிகின்றன.

அந்த அறையில் என் தந்தை இருக்கிறார். உடல்நலக் குறைவால் அவர் பெரும்பாலும் கட்டிலை விட்டு எழுவதில்லை. நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு, தொலைவில் இருக்கும் என் தங்கையுடன் காணொளி அழைப்பில் பேசுவதற்காகவே அவர் மாலையிலிருந்து காத்திருப்பார். இரண்டு மாதங்களாக அந்தப் பேச்சு சரியாக நடப்பதில்லை. தங்கையின் முகமும் குரலும் அவருக்கு ஓரளவு தெளிவாகவே வருகின்றன. ஆனால் அவருடைய குரல் தங்கைக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்கிறது. அவள் திரும்பத் திரும்ப "என்னப்பா?" என்று கேட்க, இவர் சொன்னதையே நாலைந்து முறை சொல்லிக் களைத்துப்போய் அழைப்பை முடித்துவிடுகிறார்.

எங்களுடையது 200 மெகாபிட் திட்டம். சேவை நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டபோது, தங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை என்றும் ஒரு ரிப்பீட்டர் (வைஃபை அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு கருவி) வாங்கி வைக்குமாறும் சொன்னார்கள். வாங்குவதற்கு முன், குறை எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கம்பிவழி (மறுமொழி 1)

வாங்குவதற்கு முன் கேட்டது நல்லது. "வைஃபை சரியில்லை" என்று நாம் சொல்வதற்குள் குறைந்தது இரண்டு வேறு குறைகள் ஒளிந்திருக்கலாம். வீட்டு வாசல் வரை வரும் இணைய இணைப்பே தடுமாறலாம். அல்லது அது நன்றாக இருந்து, ரவுட்டருக்கும் உங்கள் கையில் இருக்கும் கருவிக்கும் இடையில் காற்றில் ஏதாவது கெடலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எது வாங்கினாலும் அது குருட்டடிதான்.

முதலில் மடிக்கணினியை ஒரு கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி வேகத்தைச் சோதியுங்கள். அதன் பிறகு கேபிளை எடுத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று வைஃபையில் அதே சோதனையைச் செய்யுங்கள். மூன்றாவதாகக் கட்டிலருகே சென்று, மடிக்கணினியை உங்கள் தந்தை கருவியை வைத்துக்கொள்ளும் அதே உயரத்தில் வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் பகலில் ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் செய்ய வேண்டும்.

வேகச் சோதனையைவிட எனக்கு அதிகம் தேவைப்படுவது வேறொன்று. கட்டிலருகே அமர்ந்து ரவுட்டரின் சொந்த முகவரிக்கு, பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும், நூறு முறை பிங் (திரும்பி வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பதற்கான சிறு சோதனைச் செய்தி) அனுப்பிப் பாருங்கள். இந்தப் பிங் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை என்பதால், அதில் இழப்போ நீண்ட தாமதமோ தெரிந்தால் குற்றம் முழுவதும் காற்றில்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

கோடுகளை நம்பாதீர்கள்; ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி அவற்றை வரைகிறது. சிக்னலின் வலுவை அளக்கும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் அது தெரியும். விண்டோஸ் காட்டும் சிக்னல் சதவீதத்தில் 100 என்பது -50 டிபிஎம், 0 என்பது -100 டிபிஎம். ஆகவே சதவீதத்தைப் பாதியாக்கி அதிலிருந்து 100ஐக் கழித்தால் உங்கள் எண் கிடைத்துவிடும். ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு இதற்கென்றே இலவசச் செயலிகள் உள்ளன. எண் சுழியத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது என்று பொருள். காணொளி அழைப்புக்கு -67க்கு மேல் இருப்பது நல்லது; -80க்குக் கீழே போனால் இணைப்பு நிற்பதே அரிது.

மூன்றாம்மாடி (மறுமொழி 2)

இவ்வளவு சோதனை தேவையா என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது. ஒரு ரிப்பீட்டரைப் படுக்கையறையில் செருகினேன், அன்றோடு கோடுகள் முழுமையாகிவிட்டன. முதியவர் ஒருவர் காத்திருக்கும்போது விரைவாகத் தீர்வு கிடைப்பதே முக்கியம் என்று கருதுகிறேன்.

அலைநீளம் (மறுமொழி 3)

மூன்றாம்மாடி அவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் படுக்கையறையிலேயே செருகிய ரிப்பீட்டர் காட்டும் முழுக் கோடுகள், அந்த ரிப்பீட்டருக்கும் கருவிக்கும் இடையிலான சிக்னலை மட்டுமே சொல்கின்றன. ரவுட்டரிலிருந்து அந்த ரிப்பீட்டருக்கு வருவது அதே நலிந்த அலைதான். கேட்காத செய்தியை உரக்கத் திருப்பிச் சொல்ல யாராலும் முடியாது. ரிப்பீட்டர் வைப்பதாக இருந்தால், சிக்னல் இன்னும் -60, -65 டிபிஎம் அளவில் நன்றாக இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். அதுவும் ஒரே ரேடியோ உள்ள வகையாக இருந்தால், ஒவ்வொரு தரவையும் அதே அலைவரிசையில் ஒருமுறை வாங்கி மறுமுறை அனுப்ப வேண்டியிருப்பதால், வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

வடக்குஜன்னல், எனக்கு ஒரு விவரம் வேண்டும். ரவுட்டரிலிருந்து கட்டிலுக்கு மனதில் ஒரு நூல் கட்டுங்கள். அந்த நூல் எவற்றையெல்லாம் துளைத்துக்கொண்டு போகிறது என்று வரிசையாக எழுதுங்கள். சுவர்களை மட்டும் எண்ணாமல் பொருள்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

வடக்குஜன்னல் (மறுமொழி 4)

மூவருக்கும் நன்றி. இரண்டு நாள் அளந்ததை இங்கே தருகிறேன்.

கேபிளில் பகலில் 194, இரவில் 188 மெகாபிட் வந்தது. ஆகவே சேவை நிறுவனம் சொன்னது உண்மைதான். எங்கள் ரவுட்டர் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகிறது. கூடத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 180 வருகிறது. கட்டிலருகே மடிக்கணினியில் 5 ஜிகாஹெர்ட்ஸ் -79 டிபிஎம், வேகம் 9 மெகாபிட். அதே இடத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் -68 டிபிஎம், பகலில் வேகம் 14 மெகாபிட்.

பிங் சோதனைதான் என்னைத் திகைக்க வைத்தது. 2.4இல் பகலில் நூறுக்கு நூறும் திரும்பி வந்தன. பெரும்பாலும் 4 முதல் 8 மில்லிவினாடிதான். இரவு 9:10க்குச் செய்தபோது பன்னிரண்டு திரும்பவே இல்லை. திரும்பியவற்றில் சில 400 மில்லிவினாடியைத் தாண்டின. ஆனால் டிபிஎம் எண் பகலிலும் இரவிலும் மாறவே இல்லை, அதே -68தான்.

நூல் போகும் வழி இது: தொலைக்காட்சி அலமாரியின் மரக்கதவு, தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம், கூடத்துச் சுவர், குளியலறையின் மூலை, அதன் எதிர்ச்சுவர், படுக்கையறையில் அந்தச் சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு பீரோ. பீரோவின் கதவு முழுவதும் நிலைக்கண்ணாடி பதித்தது.

அலைநீளம் (மறுமொழி 5)

இந்த ஒரு வரி பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் எண்ணைப் பார்த்தால்தான் பீரோவை நகர்த்த மனம் வரும்.

உங்கள் ரவுட்டர் 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதிக்குள் இருக்கும் பிரிவுகளில் ஒன்றான 36ஆம் சேனலில், அதாவது 5180 மெகாஹெர்ட்ஸில், 20 டிபிஎம் ஆற்றலோடு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இடையில் எதுவுமே இல்லாத வெட்டவெளியில் ஒன்பது மீட்டர் கடப்பதற்கு அலை இழப்பது ஏறத்தாழ 66 டெசிபல். அப்படியானால் கட்டிலில் -46 டிபிஎம் கிடைத்திருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது -79. நடுவில் காணாமல் போன 33 டெசிபலைத் தூரம் தின்னவில்லை, சுவர்களும் பொருள்களும் தின்றுவிட்டன. டெசிபல் கணக்கில் மூன்று குறைந்தால் ஆற்றல் பாதி, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு; 33 குறைந்தால் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒன்பது மீட்டர் என்பது வைஃபைக்கு ஒரு தூரமே இல்லை, வழிதான் கரடுமுரடு.

கண்ணாடி அலையைத் தடுப்பதில்லை, ஆனால் நிலைக்கண்ணாடியின் பின்னால் பூசியிருக்கும் உலோகப் படலம் தடுக்கிறது. அது நம் முகத்தைத் திருப்பிக் காட்டுவதைப் போலவே அலையையும் திருப்பி அனுப்பிவிடும். அதன் பின்னால் இரும்புத் தகடும் இருக்கிறது. குளியலறைச் சுவருக்குள் குழாய்களும் அவற்றுக்குள் தண்ணீரும் இருக்கும்; தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். தொலைக்காட்சியின் பின்புறம் இன்னோர் உலோகத் தகடு.

சுவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 23 சென்டிமீட்டர் தடிமன் உள்ள சுவரை அலை நேராகத் துளைத்தால் அதற்கு 23 சென்டிமீட்டர்தான். அறுபது பாகைச் சாய்வில் வந்து விழுந்தால் அதே சுவர் 46 சென்டிமீட்டர் தடிமனாகிவிடுகிறது. மூலையிலிருந்து மூலைக்குப் போகும் நூல் இப்படித்தான் எல்லாச் சுவர்களையும் சாய்வாகத் துளைக்கும்.

ஆகவே ரவுட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள், தலை உயரத்துக்கு ஏற்றுங்கள், பிறகு நூல் படுக்கையறை வாசல் வழியாக நுழையும் இடத்தைத் தேடுங்கள். நீளமான கேபிள் ஒன்றோடு ரவுட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அரை அரை மீட்டராக நகர்த்த, மற்றொருவர் கட்டிலருகே எண்ணைப் படித்துச் சொன்னால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பழையமோடம் (மறுமொழி 6)

ஒரு சிறு குறிப்பு மட்டும். ரவுட்டரில் வெளியே நீட்டிய ஆன்டெனாக்கள் இருந்தால், அவற்றைப் படுக்கையறையை நோக்கிச் சுட்டிவிடாதீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை அதன் பக்கவாட்டில்தான் வட்டமாகப் பரவும். நுனி காட்டும் திசையில் மிகக் குறைவாகவே போகும். ஒரே தளத்துக்குள் வேண்டுமென்றால் நேராக நிமிர்த்தி வைப்பதே சரி.

மேலும், ரவுட்டர் அமைப்புகளில் ஆற்றல் அளவு நடுத்தரத்தில் இருந்தால் அதை முழுமைக்கு உயர்த்திப் பாருங்கள்.

கம்பிவழி (மறுமொழி 7)

ஆன்டெனா பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆற்றல் பற்றிச் சொன்னதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இணைப்பு என்பது இருவழிப் பேச்சு. ரவுட்டர் உரக்கப் பேசினால் கருவிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் கருவி அதே மெல்லிய குரலில்தான் பதில் சொல்லும். கைபேசியும் டேப்லெட்டும் மின்கலத்தில் ஓடுபவை, அவற்றின் அனுப்பும் ஆற்றல் பொதுவாக ரவுட்டரைவிடக் குறைவு. ரவுட்டரின் ஆற்றலைக் கூட்டினால் கோடுகள் அதிகரிக்கும், பேச்சு மேம்படும் என்பதற்கு உறுதி இல்லை.

வடக்குஜன்னலின் முதல் பதிவில் இருந்த ஒரு செய்தியை நாம் யாரும் போதிய கவனத்தோடு படிக்கவில்லை. தந்தைக்குத் தங்கையின் குரல் கேட்கிறது; தங்கைக்குத்தான் தந்தையின் குரல் கேட்கவில்லை. கீழிறங்கும் பாதை நன்றாக இருந்து, மேலேறும் பாதை மட்டும் உடைகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்குஜன்னல் (மறுமொழி 8)

ரவுட்டரை நகர்த்திவிட்டேன். அலமாரியிலிருந்து எடுத்து அதன் மேலே வைத்தவுடனே கட்டிலருகே 5 ஜிகாஹெர்ட்ஸ் -79லிருந்து -74க்கு வந்தது. பிறகு நீங்கள் சொன்னபடி நான் நகர்த்த, என் மகன் கட்டிலருகே அமர்ந்து எண்ணைக் கூவிக்கொண்டிருந்தான். எதிர்ச்சுவரில், பழைய இடத்திலிருந்து இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், ஓர் இடத்தில் எண் திடீரென்று -66க்குத் தாவியது. அங்கிருந்து பார்த்தால் நடைபாதை வழியாகப் படுக்கையறை வாசலின் ஓரம் தெரிகிறது. குளியலறையும் பீரோவும் வழியிலேயே இல்லை. ரவுட்டரைச் சுவரில் மாட்டிவிட்டேன். மடிக்கணினியில் கட்டிலருகே இப்போது 85 மெகாபிட் வருகிறது. 2.4இல் -57 டிபிஎம்.

இவ்வளவும் மகிழ்ச்சிதான். ஆனால் நேற்று இரவு ஒன்பது மணிக்குத் தந்தை அழைத்தபோது, தங்கைக்கு அவர் குரல் மறுபடியும் அறுந்து அறுந்துதான் கேட்டிருக்கிறது. முன்பைவிடச் சற்றுப் பரவாயில்லை என்றாள், அவ்வளவே. 85 மெகாபிட் வரும் அறையில் ஒரு குரல் ஏன் போய்ச் சேரவில்லை என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

கம்பிவழி (மறுமொழி 9)

உங்கள் தந்தை பேசுவது எந்தக் கருவியில்? நீங்கள் அளந்ததெல்லாம் உங்கள் மடிக்கணினியில் அல்லவா?

மற்றொன்று: ரவுட்டரில் வேறு என்னென்ன செருகப்பட்டிருக்கின்றன? மின்கம்பியைத் தவிர ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வீட்டில் ஒன்பது மணிக்குத் தொடங்கும் வேலை ஏதாவது இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

வடக்குஜன்னல் (மறுமொழி 10)

தந்தையிடம் இருப்பது ஒரு பழைய டேப்லெட். இப்போதுதான் அதன் விவரக்குறிப்பைப் பார்த்தேன்: 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே. 5 அதற்குத் தெரியவே தெரியாது. இதை முதலில் பார்க்காமல் போனதற்கு வருந்துகிறேன்.

ரவுட்டரில் இணையக் கேபிள் ஒன்று, தொலைக்காட்சிக்குப் போகும் கேபிள் ஒன்று, யுஎஸ்பி துளையில் ஒரு வெளிப்புற வன்தட்டு. வன்தட்டு ரவுட்டரின் பின்புறத்தோடு ஒட்டியே தொங்குகிறது; அதன் கம்பி ஒரு சாண்கூட இராது. இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். எங்கள் கணினிகளிலிருந்து புகைப்படங்களும் கோப்புகளும் நாள்தோறும் அதில் நகலாகும்படி அமைத்திருக்கிறேன்.

அந்த நகலெடுப்பு தொடங்கும் நேரம் இரவு ஒன்பது மணி.

கம்பிவழி (மறுமொழி 11)

அகப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். அந்த யுஎஸ்பி துளையின் உள்ளே நீல நிறம் இருந்தால் அது பெரும்பாலும் 3.0 வகை. யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது, அதன் கம்பியிலிருந்தும் இணைப்பானிலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 முதல் 2.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி முழுவதையும் நிறைக்கிறது. இது வெறும் வாய்வழிச் செய்தி அன்று. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் அளவீட்டு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இதே காரணத்தால்தான் 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகிய கம்பியில்லா மௌஸின் அம்புக்குறி துள்ளித் துள்ளி நகர்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. இரைச்சல் பிறக்கும் இடம் ரவுட்டரின் காதருகே. உங்கள் தந்தையின் டேப்லெட்டோ அதிலிருந்து ஒன்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே ரவுட்டர் சொல்வது டேப்லெட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். டேப்லெட் சொல்வது மட்டும் ரவுட்டரின் காதில் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். உங்கள் மடிக்கணினி காட்டிய -68 டிபிஎம் பகலிலும் இரவிலும் மாறாமல் இருந்ததற்கும் இதுவே காரணம். அந்த எண் கருவிக்கு ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ரவுட்டருக்குக் கருவி எப்படிக் கேட்கிறது என்பதை எந்தக் கோடும் உங்களுக்குக் காட்டாது. 5 ஜிகாஹெர்ட்ஸில் இந்த இரைச்சலின் தொந்தரவு மிகக் குறைவு என்பதால்தான் ஒரே அறையில் உங்கள் மடிக்கணினி நலமாகவும் டேப்லெட் நோயுற்றும் இருக்கின்றன.

இன்று இரவு வன்தட்டைக் கழற்றிவிட்டு அழைக்கச் சொல்லுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

வடக்குஜன்னல் (மறுமொழி 12)

இரவு 8:50க்கு வன்தட்டைக் கழற்றினேன். டேப்லெட்டிலிருந்தே ரவுட்டருக்கு நூறு முறை பிங் அனுப்பினேன்: இரண்டு மட்டுமே தவறின. 9:05க்கு வன்தட்டைச் செருகி நகலெடுப்பை ஓடவிட்டு அதே சோதனையைச் செய்தேன்: பதினேழு தவறின. மறுபடி கழற்றினேன்: ஒன்று. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், ஐயத்துக்கே இடமில்லை. டேப்லெட் காட்டும் இணைப்பு வேகமும் 13 மெகாபிட்டிலிருந்து 39க்கு ஏறியது.

தந்தை நாற்பது நிமிடம் பேசினார். நடுவில் தங்கை ஒருமுறைகூட "என்னப்பா?" என்று கேட்கவில்லை. உங்கள் அனைவருக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வன்தட்டு எங்களுக்குத் தேவை. அதை என்ன செய்யலாம்? ஒன்று இரண்டு தவறுவதையும் தவிர்க்க முடியுமா?

அலைநீளம் (மறுமொழி 13)

பல ரவுட்டர்களில் யுஎஸ்பி 3.0 துளையை 2.0 ஆக இறக்கும் அமைப்பு ஒன்று இருக்கும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் இடையூற்றைக் குறைப்பதற்கான தேர்வு என்றே சிலவற்றில் எழுதியிருக்கும். அது இல்லையென்றால் 2.0 துளை இருக்கிறதா என்று பாருங்கள். நகலெடுப்பின் வேகம் குறையும், ஆனால் இரவு மூன்று மணிக்கு ஓடும் நகலெடுப்புக்கு வேகம் எதற்கு? நேரத்தையும் அப்படியே மாற்றிவிடுங்கள். வன்தட்டை நன்றாகப் பொதிந்த ஒரு மீட்டர் கம்பியால் ரவுட்டரிலிருந்து விலக்கி வைப்பதும் உதவும்.

மிச்சமிருக்கும் இழப்புக்கு, உங்கள் 2.4 எந்தச் சேனலில் ஓடுகிறது என்று பாருங்கள். 2.4 பகுதியில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். தானியங்கித் தேர்வு சில வேளைகளில் 3 அல்லது 4ஐப் பிடித்துக்கொள்ளும், அது மிகத் தவறான இடம். ஒரே சேனலில் இருக்கும் அண்டை வீட்டு ரவுட்டர்கள் ஒன்று பேசுவதை மற்றொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். நடுச் சேனலில் இருந்தால் இருபுறத்தாரின் பேச்சும் உங்களுக்கு மொழி புரியாத இரைச்சலாகத்தான் விழும். உங்கள் பேச்சும் அவர்களுக்கு அப்படியே. அண்டை வீட்டாருக்காகவும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். அகலம் 40 ஆக இருந்தால் 20க்கு இறக்கிவிடுங்கள். ஒரே ஆன்டெனா உள்ள அந்த டேப்லெட்டுக்கு 20 மெகாஹெர்ட்ஸிலேயே 72 மெகாபிட் வரை இணைப்பு கிடைக்கும். காணொளி அழைப்புக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும்.

மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. அழைப்பு நேரத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பழையமோடம் (மறுமொழி 14)

5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கமும் ஓர் எச்சரிக்கை. 36ஆம் சேனல் நெரிசலாக இருக்கிறதே என்று அதை 100க்கு மாற்றிவிடாதீர்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடாரின் அலை காதில் விழுந்தால் ரவுட்டர் பத்து நொடிக்குள் அந்தச் சேனலைக் காலிசெய்ய வேண்டும். அதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போவதானால் முதலில் குறைந்தது ஒரு நிமிடம் பேசாமல் காத்துக் கேட்க வேண்டும். என் வீட்டில் நாளுக்கு ஒருமுறை 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரே மறைந்து மறைந்து வந்ததன் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மூன்றாம்மாடி (மறுமொழி 15)

நான் முதலில் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரிப்பீட்டர் வாங்கியிருந்தால் வடக்குஜன்னலின் சிக்கல் தீர்ந்திருக்குமா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என் ரிப்பீட்டரையும் நடைபாதைக்கு மாற்றிப் பார்த்தேன். கோடு ஒன்று குறைந்தது, வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

கம்பிவழி (மறுமொழி 16)

ஓரளவு மறைந்திருக்கும், தீர்ந்திருக்காது. ரிப்பீட்டரின் ஆன்டெனா டேப்லெட்டைவிட வலுவானது என்பதால் அதன் பேச்சு இரைச்சலை மீறிச் சில நேரம் போய்ச் சேர்ந்திருக்கும், அதுவும் 2.4இல் பேசினால் ஒன்பது மணிக்குத் தடுமாறத்தான் செய்யும். நீங்கள் அதை நகர்த்திச் சோதித்தது மிகவும் நல்லது.

வடக்குஜன்னல், வருங்காலத்தில் அந்த அறைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும் என்றால், கேபிள் இழுத்து அங்கே ஓர் அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் கருவி) வைப்பதைப் போன்ற தீர்வு வேறில்லை. நூறு மீட்டர் வரை கேபிளுக்குத் தூரமும் சுவரும் ஒரு பொருட்டே அல்ல. இழுத்தவுடன் இணைப்பு 1000 மெகாபிட் காட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். சென்ற ஆண்டு நான் இழுத்த கேபிள் 100தான் காட்டியது. ரவுட்டரையும் கேபிளையும் மாறி மாறிச் சந்தேகித்து, கடைசியில் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எட்டாவதாக இருக்கும் பழுப்புக் கம்பி மட்டும் ஒரு மில்லிமீட்டர் குறைவாக உள்ளே போயிருந்தது. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகள் போதும். 1000க்கு நான்கு இணைகளும் வேண்டும். ஆகவே ஒரு கம்பி தொடாவிட்டாலும் இணைப்பு அறுந்துபோவதில்லை, ஓசையின்றி பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

இரண்டு இடங்களில் ஒரே பெயரில் வைஃபை வைத்தால், எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது கருவிதான், ரவுட்டர் அன்று. ஐபோன் போன்றவை -70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்ததைத் தேடத் தொடங்கும். அதனால் அக்சஸ் பாயின்ட் தலைக்கு மேலே இருந்தும் கைபேசி கூடத்து ரவுட்டரையே பிடித்துத் தொங்கும். அப்போது கூடத்து ரவுட்டரின் ஆற்றலைக் குறைக்க வேண்டும்.

வடக்குஜன்னல் (மறுமொழி 17)

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். 2.4 உண்மையிலேயே 3ஆம் சேனலில், 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில்தான் இருந்தது. எங்கள் சுற்றுவட்டத்தில் 1லும் 6லும் பல ரவுட்டர்கள் தெரிகின்றன, 11இல் மூன்றே மூன்று. ஆகவே 11க்கு மாற்றி அகலத்தையும் 20 ஆக்கினேன். யுஎஸ்பி 2.0க்கு இறக்கும் அமைப்பு ரவுட்டரில் இருந்தது. வன்தட்டை ஒரு மீட்டர் கம்பியில் தள்ளி வைத்து, நகலெடுப்பை இரவு மூன்று மணிக்கு மாற்றியிருக்கிறேன். டேப்லெட்டின் இணைப்பு வேகம் இப்போது 58 மெகாபிட். நேற்று இரவு 9:10க்கு அனுப்பிய நூறு பிங்கும் திரும்பி வந்தன. மிக நீண்டது 31 மில்லிவினாடி.

ஐந்து இரவுகளும் அழைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. நேற்று தந்தை டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கைகளை வீசிப் பழைய கதை ஒன்றைத் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் டேப்லெட்டை வாயருகே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

கேபிளுக்கு வழி பார்த்துவிட்டேன்; வாசல் நிலையின் மேல் ஓரமாகப் போகிறது, பதினான்கு மீட்டர் வேண்டும். இழுத்த பிறகு 1000 காட்டுகிறதா என்பதை இங்கே எழுதுகிறேன்.